நேரம் சொல்கிறவன்

லீலண்ட் ஹூபருக்கு அந்த டென்மார்க்காரனைக் கண்டாலே ஆகாது. கெல்டன் கல்லூரிக் கால்பந்து அணியில் மூன்று வருடம் பெஞ்சைத் தேய்த்தவன் லீலண்ட். முதல் கோல்கீப்பராக இருந்தவன் பட்டம் வாங்கிக்கொண்டு போனதும், நாலாவது வருடம் கோல் நமக்குத்தான் என்று கோடை முழுக்க ஓடி, குதித்து, உருண்டு உடம்பைத் தேற்றி வைத்திருந்தான். ஆகஸ்டில் பயிற்சிக்கு வந்து பார்த்தால் கம்பங்களுக்கு நடுவே மிக்கெல் ஆஸ்ட்ரூப் நிற்கிறான். முதல் வருட மாணவனாம். வயது இருபத்து மூன்று. அவன் ஊரில் சம்பளமில்லாத ஏதோ கிளப்பில் ஆடிவிட்டு, படிக்க ஆசை வந்து ஒஹாயோவுக்குக் கப்பலேறியவன். முழுத் தாடியோடு ஒருவன் முதல் வருட அறிமுகக் கூட்டத்தில் கழுத்தில் பெயர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, வாத்தியார் என்று நினைத்து இரண்டு பெண்கள் அவனிடம் வகுப்புக்கு வழி கேட்டார்கள்.

மோசமாக ஆடியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். பாவி, நன்றாக ஆடினான். உயரப் பந்தை மரத்திலிருந்து பழம் பறிப்பது மாதிரி எடுத்தான். காலால் உதைத்தால் பந்து பாதி மைதானம் தாண்டிப் போய்ச் சொன்ன இடத்தில் விழுந்தது. போதாக்குறைக்கு நல்லவனாகவும் இருந்தான். பயிற்சி முடிந்ததும் மைதானத்தில் வைத்த பிளாஸ்டிக் கூம்புகளைப் பொறுக்கி அடுக்கினான். எல்லோர் பெயரையும் ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டான். அணியே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

பெற்ற தாய்கூட விதிவிலக்கில்லை. லீலண்டின் அம்மா டெனிஸ் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காரோட்டிக்கொண்டு வருவாள். மூன்று வருடமாக மகன் பெஞ்சில் உட்காருவதைப் பார்க்க வந்த மகராசி. இந்த வருடம் டப்பா நிறைய வேர்க்கடலை வெண்ணெய் உருண்டை செய்துகொண்டு வந்து, சாக்லேட் தோய்த்த நல்ல உருண்டைகளாகப் பார்த்து மிக்கெலின் கையில் வைத்தாள்.

"பாவம்டா, ஊரு விட்டு ஊரு வந்த புள்ள. நீதான் வாராவாரம் வீட்டுக்கு வந்து தின்னுட்டுப் போறியே" என்றாள்.

"அவனுக்கு இருபத்து மூணு வயசும்மா. தாடி வச்சிருக்கான்."

"தாடி வச்சா பசிக்காதா? நன்றித் திருநாளைக்கு அவனையும் கூட்டிட்டு வா. தனியா எங்க போவான்?"

லீலண்டுக்கு வயிறு எரிந்தது. கோலைத்தான் எடுத்துக்கொண்டான், இனி நன்றித் திருநாள் விருந்து வான்கோழியிலும் பங்கு கேட்பான் போலிருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பான். பொறுக்க முடியாமல் போனது அந்தக் கடிகார வேலைதான்.

உலகம் முழுக்கக் கால்பந்தில் நேரம் ரெஃபரியின் கைக்கடிகாரத்தில் இருக்கும். முடியும்போது அவராகப் பார்த்து இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக் கொடுத்து விசில் ஊதுவார். அமெரிக்கக் கல்லூரிகளில் அந்தக் கதையே கிடையாது. ஸ்கோர் போர்டில் நேரம் மேலிருந்து கீழே இறங்கும். பூஜ்யத்தைத் தொட்டதும் ஹாரன் அலறும். பந்து அந்தரத்தில் இருந்தாலும் சரி, கோல் கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் இருந்தாலும் சரி, ஆட்டம் அதோடு முடிந்தது. மிக்கெலுக்கு இது சுட்டுப் போட்டாலும் மண்டையில் ஏறவில்லை. சீசனின் முதல் ஆட்டத்தில் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, எப்படியும் கூடுதல் நேரம் தருவார்கள் என்று நம்பிப் பந்தைச் சாவகாசமாக உருட்டிக்கொண்டிருந்தான். ஹாரன் அலறியதும் யாருடைய கார் என்று சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அன்றைக்கு லீலண்ட் சந்தோஷமாகத் தூங்கினான். மறுநாள் கோச் பிரிட்செட் அவனைக் கூப்பிட்டார்.

"ஹூபர், நம்ம டீம்லயே உன் தொண்டைதான் பெருசு. கடைசி ஒரு நிமிஷம் நீ பெஞ்சு ஓரத்துல நின்னு மிக்கெலுக்கு நேரம் கத்தணும். வெளியூர்ல பசங்க பொய்யா எண்ணுவானுங்க, தெரியும்ல? அதனால ஒரே குரல். உன் குரல் மட்டும். மத்தவன் எவனும் வாயத் திறக்கக் கூடாது."

பொய்யாக எண்ணுவது இங்கே எல்லா மைதானத்திலும் நடக்கிற குறும்பு. நேரம் இன்னும் மிச்சமிருக்கும்போதே உள்ளூர் மாணவர்கள் கூட்டமாக "அஞ்சு, நாலு, மூணு" என்று கத்துவார்கள். போர்டைப் பார்க்க முடியாத எதிரணிக்காரன் பதறிப்போய்ப் பந்தை எங்காவது உதைப்பான், அல்லது முடிந்தது என்று கையை விட்டுவிடுவான்.

லீலண்ட் தலையாட்டினான். உடை மாற்றும் அறையில் நண்பன் பென்னட்டிடம் கொட்டித் தீர்த்தான். முன்களத்தில் ஆடும் பென்னட்டுக்கு எதையும் சிரிக்காமல் கேட்கத் தெரியாது.

"நாலு வருஷம் கோல்கீப்பிங் கத்துக்கிட்டு, கடைசியில கடிகாரமா மச்சான் நானு?"

"செவுத்துல ஆணியடிச்சு மாட்டாம விட்டாங்களேன்னு சந்தோஷப்படு."

சொன்ன வேலையை லீலண்ட் ஒழுங்காகத்தான் செய்தான். பெஞ்சின் ஓரத்தில் நின்று, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, "முப்பது! இருபது! பத்து!" என்று கத்துவான். மைதானத்தின் எந்த மூலையில் இருந்தாலும் மிக்கெல் அந்தக் குவித்த கைகளைத் தேடித் திரும்புவான், கட்டை விரலை உயர்த்துவான். அந்தக் கட்டை விரலைப் பார்க்கும்போதெல்லாம் லீலண்டுக்குள் ஏதோ புகைந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் லீலண்ட் அவனைவிடக் கெட்டிக்காரன். பெனால்டி. மிக்கெல் அவசரப்பட்டு முன்னதாகவே பாய்ந்துவிடுவான். லீலண்ட் உதைக்கிறவனின் இடுப்பைப் பார்த்தபடி கடைசிக் கணம் வரை அசையாமல் நிற்பான். பயிற்சியில் பத்துக்கு நாலு தடுப்பான். கோச்சுக்கும் இது தெரியும். கூட்டமைப்புச் சாம்பியன்ஷிப்புக்குக் கிளம்பும் முன் எல்லோருக்கும் நூடுல்ஸும் பூண்டு ரொட்டியும் போட்ட இரவுச் சாப்பாட்டில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "ஆட்டம் பெனால்டிக்குப் போச்சுன்னா கோல்ல ஹூபர்தான். இப்பவே சொல்லிட்டேன்."

மிக்கெல்தான் முதலில் கை தட்டினான். அதுவும் லீலண்டுக்குப் பிடிக்கவில்லை.

அக்கம்பக்கத்து எட்டுக் கல்லூரிகள் சேர்ந்தது அந்தக் கூட்டமைப்பு. நவம்பரில் முதல் ஆறு அணிகள் மோதும். கோப்பை வாங்குகிற அணி தேசியப் போட்டிக்குப் போகும். தோற்றவர்கள் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பரீட்சைக்குப் படிக்க வேண்டியதுதான். நாலாம் வருடத்துக்காரனுக்கு அதன்பின் வாழ்நாளில் ஆட்டமே கிடையாது. லீலண்ட் இந்த நாலு வருடத்தில் ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டத்தில்கூடக் கோட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை. இப்போது அவனுக்கு ஒரே ஒரு வாசல் திறந்திருந்தது. தன் அணி தோற்கவும் கூடாது, ஜெயிக்கவும் கூடாது. சமமாக இழுத்துக்கொண்டு போய்ப் பெனால்டியில் நிற்க வேண்டும்.

இப்படி ஒரு வேண்டுதலை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்காருவது லேசான காரியமில்லை. முதல் ஆட்டத்தில் கெல்டன் இரண்டு கோல் போட்டது. இரண்டுக்கும் லீலண்ட் எல்லோரோடும் சேர்ந்து துள்ளினான், உட்காரும்போது முகம் விழுந்துவிட்டது. அரையிறுதியில் முடியப்போகிற நேரம் வரை கோலே இல்லை. அவன் கையுறையைக்கூட மாட்டிக்கொண்டான். அப்போது பார்த்து மிக்கெல் உதைத்த நீளப் பந்தைப் பென்னட் ஓடிப்பிடித்து உள்ளே தள்ளினான். பென்னட் பெஞ்சை நோக்கி ஓடிவந்து லீலண்டைத்தான் கட்டிக்கொண்டான்.

"என்ன மச்சான், அழுறியா?"

"குளிருடா" என்றான் லீலண்ட்.

இறுதி ஆட்டம் செயின்ட் ஆல்டன் கல்லூரியின் மைதானத்தில். புள்ளிப் பட்டியலில் முதலில் இருந்தவர்கள் அவர்கள், அதனால் ஊர் அவர்களுடையது, கூட்டமும் அவர்களுடையது. மதியத்திலேயே மூச்சு புகையாக வந்தது. கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு டெனிஸ் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஸ்கோர் போர்டு ஒரு பக்கக் கோலுக்குப் பின்னால் இருந்தது. அதற்குக் கீழேதான் உள்ளூர் மாணவர்கள், சட்டையில்லாமல், நெஞ்சில் நீலச் சாயம் பூசிக்கொண்டு, பாத்திரம் பண்டத்தையெல்லாம் தட்டிக்கொண்டு நின்றார்கள்.

முதல் பாதியில் அவர்கள் ஒன்று போட்டார்கள். இரண்டாம் பாதியில் பென்னட் ஒன்று போட்டான். அதன்பின் மிக்கெல் மட்டும்தான் ஆடினான் என்று சொல்ல வேண்டும். ஒரு பந்தை விரல் நுனியால் கம்பத்துக்கு மேலே தட்டினான். இன்னொன்றை முகத்தாலேயே வாங்கி, மூக்கில் ரத்தம் வழிய எழுந்து நின்று சிரித்தான். ஒவ்வொரு தடுப்புக்கும் லீலண்டுக்கு நிம்மதி வந்தது, ஆட்டம் சமமாகவே இருக்கிறது என்று. அதே மூச்சில் எரிச்சலும் வந்தது, அந்தக் கை தன்னுடையதாக இருக்கக் கூடாதா என்று.

"என் ராசா, என்னமா புடிச்சான் பாரு!" என்று பின்னாலிருந்து டெனிஸின் குரல். ராசா என்று அவள் லீலண்டைத்தான் கூப்பிடுவாள்.

ஒன்றுக்கு ஒன்று. சமமாக நின்றதால் ஆடவைத்த பத்துப் பத்து நிமிட நீட்டிப்பில் முதல் பகுதி முடிந்தது. இரண்டாவது பகுதியில் மிக்கெல் ஸ்கோர் போர்டு இருந்த பக்கக் கோலுக்கு வந்தான். போர்டும் பையன்களும் இப்போது அவன் முதுகுக்குப் பின்னால். கடைசி நிமிடம் தொடங்கியதும் லீலண்ட் எழுந்து பெஞ்சின் ஓரத்துக்குப் போனான். மற்ற ஆட்டக்காரர்கள் கோட்டருகே தோளோடு தோள் சேர்ந்து மைதானத்தைப் பார்த்து நின்றார்கள்.

"நாப்பது!" என்று கத்தினான். மிக்கெல் கட்டை விரலை உயர்த்தினான். "முப்பது!"

செயின்ட் ஆல்டனுக்குக் கார்னர் கிடைத்தது. எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று அவர்களுடைய தடுப்பாட்டக்காரர்கள்கூட முன்னால் ஏறி வந்துவிட்டார்கள். பென்னட் மட்டும் நடுக்கோட்டில் தனியாக நின்றான், அவனுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஆள். பந்து வளைந்து வந்தது. பத்துத் தலைகளுக்கு மேல் மிக்கெல் எழும்பி, இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்தான்.

அந்தக் கணத்தில் நீலச் சாயப் பையன்கள் ஆரம்பித்தார்கள். "அஞ்சு! நாலு! மூணு!"

போர்டில் பதினைந்து இருந்தது. முன்னால் மைதானம் திறந்து கிடந்தது. மிக்கெலின் கால் பென்னட்டைத் தேடிக் கண்டுபிடிக்கும் என்று லீலண்டுக்கு அரையிறுதியிலிருந்தே தெரியும். மிக்கெல் தலையைத் திருப்பிப் பெஞ்சின் ஓரத்தைப் பார்த்தான்.

"பதினஞ்சு! உதை!" இவ்வளவுதான் கத்த வேண்டியது. வார்த்தை தொண்டை வரை வந்தது. கத்தினால் பென்னட் கோல் போடுவான், எல்லோரும் ஓடிப்போய் மிக்கெலைத் தூக்குவார்கள், தான் கையுறையை மாட்டாமலே வீட்டுக்குப் போய் வயசாகிச் சாக வேண்டியதுதான். கத்தாவிட்டால் பெனால்டி. லீலண்ட் வாயை மூடிக்கொண்டான். கைகள் தாமாகவே ஜாக்கெட் பாக்கெட்டுக்குள் போயின.

பையன்கள் "ஒண்ணு" சொல்லி முடித்துவிட்டார்கள். ஹாரன் வரவில்லை. மிக்கெல் பந்தோடு நின்றான், இன்னும் பெஞ்சைப் பார்த்தபடி. பிறகுதான் ஏதோ புரிந்தவன் போல இரண்டடி ஓடி உதைத்தான். பந்து மைதானத்தின் மேலே ஏறியது, பென்னட் ஓடினான், பக்கத்திலிருந்தவனை முந்தினான், பந்து அவன் காலடியில் விழுந்தது, ஹாரன் அலறியது. பென்னட் காது கேளாதவன் போல ஓடிப்போய்ப் பந்தை வலைக்குள் அடித்தான். ரெஃபரி இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே வந்தார். செல்லாது. செயின்ட் ஆல்டன் கூட்டம் கூரையில்லாத மைதானத்திலும் கூரை பறக்கக் கத்தியது.

"கையில பந்த வச்சுக்கிட்டு என்னடா பண்ண?" கோச் பிரிட்செட் மிக்கெலை நடுவழியிலேயே பிடித்துக்கொண்டார். "கோழியா நீ? அடைகாக்குறியா? பதினஞ்சு செகண்டுடா! ஆட்டமே நம்ம கையில இருந்துச்சு!"

கோச்சின் பார்வை லீலண்டின் பக்கம் திரும்பியது.

"என் தப்பு கோச்" என்றான் மிக்கெல். "அவன் கத்தினான். இந்தப் பசங்க சத்தத்துல எனக்குத்தான் கேக்கல."

கோச் காறித் துப்பிவிட்டு, "ஹூபர், கையுறைய மாட்டு" என்றார்.

லீலண்ட் ஜாக்கெட்டைக் கழற்றினான். மிக்கெல் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டான்: சத்தத்தில் கேட்கவில்லை. கேட்டிருக்காதுதான். கத்தியிருந்தால்கூடக் கேட்டிருக்காது. அப்படியானால் என்ன தப்பு? மிக்கெல் மூக்கில் பஞ்சோடு அவனருகே வந்து தோளைப் பிடித்து அமுக்கினான்.

"எல்லாம் மறந்துடு. உதைக்கிறவன் இடுப்ப மட்டும் பாரு. உன்னால முடியும்."

அறிவுரை வேறு. லீலண்ட் கோட்டைத் தாண்டினான். நாலு வருடத்தில் முதல் தடவை. கால் புல்லில் பட்டதும் கண் கரித்தது.

சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு அவன் பிரமாதமாக நின்றான். முதல் ஆள் கோல் போட்டான். இரண்டாம் ஆள் ஓடி வந்தபோது அவன் இடுப்பு பொய் சொல்லவில்லை. லீலண்ட் இடப்பக்கம் விழுந்து பந்தை முழங்கையால் வெளியே தட்டினான். இந்தப் பக்கம் கெல்டன்காரர்களும் ஒன்றைக் கோட்டைவிட்டார்கள். கடைசியில் பென்னட் தன் பந்தைக் கம்பத்தை ஒட்டி உள்ளே செருகினான். எதிரணியின் கடைசி ஆள் போட்டால் ஆட்டம் நீளும், விட்டால் கோப்பை. அவன் தயங்கித் தயங்கி வந்தான். லீலண்ட் அசையவே இல்லை. பந்து நேராக நடுவில் வந்தது. நின்ற இடத்திலேயே நின்று, நெஞ்சோடு வாங்கிக்கொண்டான்.

அப்புறம் எல்லோரும் அவன் மேல். பென்னட் அவன் காதைக் கடித்தான். யாரோ தண்ணீரை ஊற்றினார்கள், யாரோ அழுதார்கள். கோச் அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். டெனிஸ் போர்வையை எங்கேயோ போட்டுவிட்டு வேலியைத் தாண்டி வந்து, "என் ராசா! என் தங்கம்!" என்று அவன் கன்னத்தைக் கிள்ளினாள். மூன்று வருடம் ஆசைப்பட்டது ஒன்று விடாமல் கிடைத்தது.

கோப்பையை நடுவில் வைத்துப் படம் எடுக்க எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தார்கள். டெனிஸும் தன் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ரெண்டு கீப்பரும் பக்கத்துல பக்கத்துல நில்லுங்கடா. மிக்கெலு, அவன் தோள்ல கையப் போடு கண்ணு."

மிக்கெல் வந்து தோளில் கை போட்டான். லீலண்டுக்கு மனசு இளகியிருந்தது. ஜெயித்தவன் பெருந்தன்மை காட்டலாமே.

"வருத்தப்படாத. அந்தச் சத்தத்துல யாருக்குமே கேட்டிருக்காது" என்றான்.

மிக்கெல் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னான்: "கேக்கலன்னு சும்மா சொன்னேன். நான் பாத்தேன். உன் ரெண்டு கையும் பாக்கெட்ல இருந்துச்சு."

லீலண்டுக்கு உடம்பில் ஊற்றிய தண்ணீர் அப்போதுதான் சில்லிட்டது. "அப்புறம் ஏன் கோச்சுகிட்ட..."

"சொல்லியிருந்தா உன் கை நடுங்கியிருக்கும். நடுங்குற கையோட உன்ன கோலுக்குள்ள அனுப்ப முடியுமா? நமக்குக் கோப்ப வேணும்ல."

"லீலண்ட், என்னடா மொகம் அப்படி? சிரிடா!" என்று டெனிஸ் கத்தினாள்.

"சிரி" என்றான் மிக்கெல்.

லீலண்ட் சிரித்தான். பல் தெரியச் சிரித்தான். தானாயிருந்தால் சொல்லியிருப்பான். கோச் முன்னால், அணி முன்னால், அந்த இடத்திலேயே போட்டு உடைத்திருப்பான். அது அவனுக்குத் திட்டமாகத் தெரிந்தது. உயரப் பந்தும் நீள உதையும் மிக்கெலுக்கு வந்தது பெரிதில்லை, இப்படிச் சொல்லாமல் விடுவதும் வந்திருக்கிறதே என்று வயிறு பற்றி எரிந்தது. ஆகஸ்டில்கூட இப்படி எரிந்ததில்லை.

டெனிஸ் இன்னொரு படம் எடுக்க விரலை உயர்த்தினாள். தோளில் கிடந்த கை நகரவில்லை.

"அடுத்த வாரம் தேசியப் போட்டி" என்றான் மிக்கெல். "கோச் மறுபடியும் உன்னத்தான் நேரம் கத்தச் சொல்லுவாரு. கத்து. நான் இனிமே போர்டத் திரும்பிப் பாத்துக்குறேன்."